மாதிரிக்கு வைத்த முகம்

செவ்வாய், இரவு.

பாரிஸ் லா சப்பலில் இருக்கும் எங்கள் அச்சகக் கண்ணாடியில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தோம். உயிரோடிருக்கும் தமிழரின் படத்தை அதில் போட்டால் யார் பொறுப்பார்கள்? "ஒரு வெள்ளைக்காரக் கிழவன்ரை படத்தைப் போடு. லா சப்பலில ஆருக்குத் தெரியப்போகுது," என்றார் முதலாளி. இணையத்தில் கிடைத்த ஒரு முகத்துக்கு மாலையும் குத்துவிளக்கும் வைத்து ஒட்டினேன்.

இன்று மத்தியானம் அந்த முகமே கடைக்குள் வந்தது. ஸ்கொட்லாந்து நடிகராம். பக்கத்து அரங்கில் இந்த வாரம் அவருடைய நாடகம்.

"அண்ணை, செத்தவர் வந்து நிக்கிறார்," என்றேன். முதலாளி இயந்திரத்துக்குப் பின்னால் போனவர், வெளியே வரவேயில்லை.

நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஐம்பது வருடமாக அரசனாக, பாதிரியாராக, கொலைகாரனாக மேடையிலும் திரையிலும் செத்தவராம். ஒருவரும் மாலை போட்டதில்லையாம். பிறகு 'மறைவு' என்பதற்குப் பக்கத்தில் விட்டிருந்த வெற்றிடத்தைக் காட்டி, என்ன இது என்று கேட்டார். இறந்த நாள் எழுதும் இடம் என்றேன்.

"ஞாயிறுதான் கடைசி நாடகம். அதுவரைக்கும் எழுதிவிடாதீர்கள்."

சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தை உடனே கழற்றிவிட்டேன். திங்கட்கிழமை அவர் நன்றாக இருக்கிறாரா என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?