பின்சக்கரத்துக் கறை

காலையில் நீ கதவை அறைந்து சாத்திய வேகத்தில், மேசையிலிருந்த சின்னக் கார் உருண்டு கீழே விழுந்தது. நம் மகளின் பந்தயக் காரைப் பார்த்து ஒரு மாதமாக நான் செய்கிற மாடல்தான். விழுந்த மாடலைச் சரிசெய்யலாமென்று, அவள் அனுப்பியிருந்த பந்தயக் காரின் படத்தை மறுபடி எடுத்தேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இடது பின்சக்கரத்தின் உட்பக்கம் ஒரு கறை. எஞ்சின் ஆயில் என்று நினைத்து, பழுப்புப் பெயிண்டில் அப்படியே தீட்டினேன். தத்ரூபமாக வந்திருக்கிறதென்று உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன் வேறு. இன்று படத்தைப் பெரிதாக்கினால், கறைக்கு அடியில் பெயிண்ட் குமிழ்விட்டு உரிந்திருக்கிறது. எஞ்சின் ஆயில் அப்படி உரிக்காது, பிரேக் ஆயில்தான் உரிக்கும். பழைய மாடல்களில் பெயிண்டைக் கழற்ற நான் ஊற்றுவதே அதைத்தான். அது கசிகிறதென்றால் பிரேக் எந்த நேரமும் பிடிக்காமல் போகலாம்.

பந்தயம் பதினொரு மணிக்கு. அவள் போனை அணைத்து வைத்திருக்கிறாள். அவள் காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கும் எடுக்கவில்லை. நான் ஸ்கூட்டரில் மைதானத்துக்குப் போகிறேன். நீ வந்ததும் இரண்டு பேருக்கும் விடாமல் போன் போட்டுக்கொண்டே இரு. சோறு பாதிதான் வெந்திருக்கிறது, அடுப்பை அணைத்துவிட்டேன்.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அப்பாவும் மகளும் சேர்ந்து எதையோ மறைக்கிறோம் என்று கத்தினாயே, அது சரிதான். நேற்று சாயங்காலம் போனில் அவள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை:

“பிரேக் ரொம்ப உள்ள போய்த்தான்பா பிடிக்குது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் என்னை ஓட்டவே விடமாட்டாங்க.”