இழுத்தால் அவிழும் முடிச்சு

அன்புள்ள அம்மாவுக்கு வனிதா வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலியும் நம்மூர்க் கொட்டச்சேட்டு மழையும் குறைந்தனவா?

போனில் சொன்னால் "காலைக் காட்டு" என்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். ஒன்றுமில்லை, கட்டைவிரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தபோது என் லேப்டாப்பைப் பார்த்து, "ஏங்கண்ணு, இதைய வெக்கறதுக்கு மேசையும் தூக்கிட்டுப் போவோணுமா?" என்று கேட்டீர்களே, அதையே பெர்லின் ஆபீசில் கேட்டேன். நின்றபடி வேலை செய்பவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் லேப்டாப் ஒன்றை என்னையே வடிவமைக்கச் சொன்னார்கள். வரைபடத்தை இணையத்தில் போட்டுவிடுவோம். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை அதைக் கட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நடந்து காட்டினேன். காப்பிப்பழம் பறிக்கும் பைக்கு நீங்கள் போடுவீர்களே, இழுத்தால் அவிழும் முடிச்சு, அதைத்தான் போட்டிருந்தேன். பக்கத்துச் சர்ச்சில் மணி அடித்தது. எஸ்டேட்டில் மணி அடித்ததும் பையை அவிழ்த்து எடை போடுவோமே, அந்த நினைப்பில் கை தானாக முனையை இழுத்துவிட்டது. லேப்டாப் என் காலில்!

சிரித்து ஓய்ந்த எங்கள் மேலாளர் ஹைக்கே, "தடுக்கி விழுந்தால் சட்டென்று கழற்றலாமே" என்று அந்த முடிச்சையே வரைபடத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டார். அதற்கு உங்கள் பெயர்தான்: அம்மணி முடிச்சு.

உங்கள் பழைய பறிப்புப் பையை, உங்கள் கையாலேயே முடிச்சுப் போட்டு அனுப்புங்கள், வரைபடத்துக்கு அளவெடுக்க வேண்டும். ரயில் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். பையைத் துவைத்துவிடாதீர்கள் அம்மா, உங்கள் வாசனையோடே வரட்டும். துவைத்தால் அளவு சுருங்கிவிடும் என்றுதான் ஆபீசில் சொல்லி வைத்திருக்கிறேன்.

வனிதா