கோபத்தில் பின்னிய இடது கை

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நாலு மணிக்கு உங்க தங்கச்சி வருவா. அவ குழந்தைக்குப் பின்னின மஞ்சள் தொப்பி கூடையில மேலாகவே இருக்கு, எடுத்துக் கொடுங்க. அதுக்கு அடியில இருக்கிற போர்வையிலேருந்து ஊசியை மட்டும் உருவிடாதீங்க, ஒரு வாரத்து வேலை அவிழ்ந்துபோயிடும்.

அப்புறம் உங்க ஸ்வெட்டர். காலையில போட்டுப் பாத்துட்டு "கச்சிதமா இருக்கு"ன்னீங்க. இடது கையை மடக்க முடியாம ஷூ லேஸை ஒத்தைக் கையால கட்டினதை நான் பாக்கலைன்னு நினைப்பு! அதோடயே வேலைக்கும் போயாச்சு.

ஸ்வெட்டரோட வலது கை, நாம சிரிச்சுப் பேசிட்டிருந்தப்போ பின்னினது. அப்புறம்தானே தங்கச்சி முன்னாடி, "இவ முடிக்கிறதுக்குள்ள வெயில் காலமே வந்துடும்"னு கிண்டல் பண்ணினீங்க? அந்த ரோஷத்துல இடது கையை ரெண்டே நாள்ல முடிச்சேன். கோபத்துல நூலை இழுத்து இழுத்துப் பின்னினா பின்னல் இறுகிடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பிரிக்கல. வீம்புதான்.

வந்ததும் கழட்டி வையுங்க. பாவம், கை வலிச்சிருக்கும்.

பி.கு.: இடது கையைப் பிரிச்சு நூலைச் சுத்தணும்னா, எதிர்ல ஒருத்தர் ரெண்டு கையையும் நீட்டிட்டு உக்காரணும். ஆறு மணிக்கு வந்துடுவேன், எங்கயும் போயிடாதீங்க.

இன்னொண்ணு. இந்தத் தடவை மெதுவாத்தான் பின்னப்போறேன். வெயில் காலம் வந்தா வரட்டும்.