மாமாவின் கால்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும்போதே தூறல். சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறியதிலிருந்து பெங்களூர் வரை நின்றபடியே. வகுப்பில் தண்டுவடம். பிசியோதெரபி மூன்றாம் வருஷம், பாதிப் பாடம் இன்னும் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டை, அக்கா வீடு. மாமா போன வருஷம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வழக்கம்போல் கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் வெடுக்கென்று துடித்தது.

"ஏய் ஸ்டெல்லா, அசைஞ்சிச்சுடி! பாத்தியா?"

அக்கா அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வேண்டுமாம்.

வெறும் தசைத் துடிப்பாக இருக்கும். மறுபடி துடித்தபோது போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கல்லூரியில் மேடத்திடம் மாமாவின் ரிப்போர்ட், வீடியோ இரண்டும் காட்டினேன். அது தானாக வரும் துடிப்பு, அவர் அசைத்தது அல்ல என்றார். இனி நடக்க மாட்டார். வீல்சேரில் ஏறி இறங்கப் பழக்கு, உணர்ச்சி இல்லாத இடத்தில் எதுவும் அழுத்திப் புண் வராமல் பார்த்துக்கொள் என்றார்.

நடக்க வைக்கலாம் என்றுதானே இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

ரயிலில் இடம் கிடைத்தது. தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ரெக்கார்ட் எழுதவில்லை. குடை தொலைந்தது. அக்காவிடம் வீல்சேர் பேச்சை எடுத்தேன்.

"சேர் இன்னாத்துக்கு? விரல் அசையுது, இப்பப் போயி சேர்ல உக்கார வைக்கிறியா? இதத்தான் படிச்சியா நீ?"

சோறு போட்டு வைத்திருந்தாள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரம். மேடம் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல், முழங்காலைப் பார்த்து.

"தெரியும்மா. ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாங்க. என்கிட்ட மட்டும்."

"அக்காவுக்கு?"

"அவ இதுக்காகத்தான் காலையில எழுந்துக்கறா. சொல்லாத."

இடது காலையும் மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நல்ல மழை. தலைவலி. அக்கா மாமாவுக்குப் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள், பின்னால் வார் வைத்தது. நடக்கும்போது கழலாதாம். தானே மாட்டிவிட்டாள்.

"இறுக்குதா?"

"இல்ல, சரியாத்தான் கீது" என்றார் மாமா.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி, நல்லா கீதா?"

"நல்லா இருக்குக்கா."

அவள் அடுப்படிக்குப் போனதும் கழற்றினேன். குதிகாலில் வார் பதிந்து சிவந்திருந்தது.

"இன்னாம்மா, புண்ணா?" என்றார்.

"இன்னும் இல்ல மாமா."