மாலை போட்ட கை

திருத்தணி
14.6.2025

அன்புள்ள தம்பி மகன் வளவனுக்கு, பெரியப்பா ஆசீர்வாதம். நான் சொல்லச் சொல்ல எழுதறது, மாசாமாசம் ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குப் பிரஷர் மாத்திரை கொண்டாந்து குடுக்கற தேவகி.

ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு சொன்னாங்களே, கார்த்திகைக் கடைசியில புயல் வந்து கரண்டு கம்பமெல்லாம் சாஞ்சுதே, அந்த வருஷ ஆடிக் கிருத்திகையிலதான் என் தம்பி, உங்க நைனா வேணு மலைப்படியில செத்துப் போனான். எனக்குக் காலண்டர் படிக்கத் தெரியாது. மறக்கவும் தெரியாது.

நேத்து உங்க அம்மா வந்துச்சு. நீ ஆவடியில மூணு மாசமா வேலைக்குப் போகாம சுவத்தப் பாத்துகினு படுத்திருக்கியாம். காவடி எடுத்தா சரியாப் போவுமாம். வீட்டுக்கு மூத்தவன், என் கையால மாலை போடணுமாம். "அவங்க நைனாவுக்கும் நீங்கதானே போட்டீங்க"ன்னு சிரிச்ச முகமா கேட்டுச்சு. குடிச்சுகினு இருந்த காபியை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

நான் போட மாட்டேன். ஏன்னு கேக்காதே. போன் பண்ணா கட் பண்றே, அதான் கடுதாசி. வேளைக்குச் சாப்புடு.

உன் பெரியப்பா
(கைநாட்டு)

ஆவடி
19.6.2025

பெரியப்பாவுக்கு வணக்கம். தேவகி அக்கா படிச்சுச் சொல்லட்டும்.

உங்க மேல கோவம் இல்லை. போன்ல பேச ஆரம்பிச்சா அழுகைதான் வருது, அதான் எடுக்கறதில்லை.

டாக்டரைப் பார்த்தேன். பிரஷர் நூத்தி எழுவது. தூக்கம் வருதா, அழுகை வருதான்னு கேட்டார். பிரஷர் இருக்கறவனுக்கு மனசும் படுத்துட்டா இதயத்துக்கு ரெண்டு பக்கமும் அடி, பிரஷருக்கும் மனசுக்கும் எழுதிக் குடுத்த ரெண்டு மாத்திரையையும் விடாதேன்னார். மாலை போட்டவன் இங்கிலீஷ் மருந்து தொடக்கூடாதுன்றாங்க அம்மா. என் வீட்டுக்காரி கவிதா அம்மாவோட சண்டை போடறா. எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

நைனா போன மாதிரி போனாலும் நல்லதுதானேன்னு தோணுது. ஊரே அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுதே.

இருபத்தொன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை வர்றேன். நீங்க போடலைன்னா வேற யாராவது போடட்டும். அப்புறம் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்.

வளவன்

திருத்தணி
24.6.2025

வளவா,

ஊரே காலைத் தொட்டுக் கும்பிட்டுதுன்னு எழுதியிருக்கியே, அந்த இடத்துல தேவகியை நிறுத்தச் சொல்லிட்டு, வாசல்ல போய் நின்னுட்டு வந்தேன்.

உங்க நைனாவும் இப்படித்தான் படுத்துகினு இருந்தான். கொழுப்புன்னேன். பொய்கையில முழுக வெச்சு மாலை போட்டேன். போட்ட கையாலயே, அவன் இடுப்புல சொருகி வெச்சிருந்த பிரஷர் மாத்திரையை உருவி சாக்கடையில போட்டேன்.

இருபதாம் நாள் வந்து நின்னான். "அண்ணா, நெஞ்சு படபடன்னுது. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுமா?"

"ஏன்டா, மலை மேல இருக்கறவரு பெருசா, மாத்திரை பெருசா?"

கூடக் காவடி எடுக்க இருந்த டில்லிபாபுவும் ஜெகநாதனும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

கிருத்திகையன்னிக்குப் பாதிப் படியில காவடியோட குந்திட்டான். மூஞ்செல்லாம் வேர்வை. "எந்திரிடா, நடிக்காதே"ன்னேன். எந்திரிச்சான் வளவா. நான் சொன்னதுக்காக எந்திரிச்சான். அஞ்சு படி ஏறினான்.

படியிலயே உசுரு போச்சு, புண்ணியவான்னு ஜனம் கும்பிட்டுது. நான் பக்கத்துல நின்னு விபூதி குடுத்தேன். அன்னியிலேர்ந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், புண்ணியவானோட அண்ணன்னு முதல் பந்தியில எனக்கு இலை. ஒம்பது வருஷம் உக்காந்து தின்னேன். தூ.

"தாத்தா, இதையும் எழுதணுமா?"ன்னு கேக்குது தேவகி. ஒரு எழுத்து விடாதேம்மான்னேன்.

மாலை வேணாம்டா. மாத்திரையை விடச் சொல்லி எந்தச் சாமி வந்து கேட்டுது? நான்தான் கேட்டேன். ரெண்டு மாத்திரையையும் போடு. இதை உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. அப்புறம் நீ என் வாசலுக்கு வர மாட்டே. வரவும் வேணாம்.

கெழவன் உளர்றான்னு உங்க அம்மா சொன்னா, சாட்சிக்குக் கூப்புட ஆளில்லை. டில்லிபாபு கொரோனாவுல போனான். ஜெகநாதன் போன தையில. உங்க நைனா அந்தப் படியில. அன்னிக்கு அந்த மாத்திரைப் பேச்சுல இருந்தவங்கள்ல இன்னும் உசுரோட இருக்கறவன்,

பரசுராமன்.