சோதனைக்காக அனுப்பியது

மார்ச் 3

என் அருமை அழுத்தக்காரிக்கு,

சுகம்தானே? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா, வேலையா என்று எனக்குள்ளேயே பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடக் கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு விளம்பரப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை பேச்சாளர்களுக்கான அழைப்பைத் திறக்கிறோம். போஸ்டரை இணைத்திருக்கிறேன், உன் குழுக்களில் எல்லாம் போட்டுவிடு. என் படம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், யார் கேட்கிறார்கள்?

இன்னொரு உதவி. விண்ணப்பப் படிவம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். வாய்க்கு வந்ததை அடித்து அனுப்பிப் பார், பிறகு நான் அழித்துவிடுகிறேன். தேர்வுக் குழுவில் ஐந்து பேர், நானும் ஒருத்தி. பெயரை மறைத்துவைத்துத்தான் படிப்போம்.

உன்
வாயாடி

மார்ச் 5

வாயாடிக்கு,

சுகம். போஸ்டரைப் பகிர்ந்துவிட்டேன். போன வருடம் நாம் இருவரும் சேர்ந்து நின்று எடுத்த படம் அது. உன் பக்கத்தில் நீலமாக ஒன்று தெரிகிறதே, அது என் தோள்.

நேற்று டோக்கன் திரை நின்றுவிட்டது என்று எங்கள் மருத்துவமனை நர்ஸ் அக்கா கணினி அறைக்கு வந்தார். சரிசெய்து கொடுத்தேன். போகாமல் நின்று, போனில் உன் போஸ்டரைக் காட்டினார். “நம்ம டோக்கன் மென்பொருள எழுதுனது இவங்கதானாமே? நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?” பார்த்திருக்கிறேன் என்றேன். ரொம்ப அழகாகப் பேசுவார்களாமே என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன்.

விடுதி அறையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஒன்பது வருடத்தில் எந்த மருத்துவமனையில் வரிசை குழம்பினாலும் கூப்பிடுவது என்னைத்தான். பாடு என்னுடையது, பேர் உன்னுடையது. போஸ்டர் போட்டு ஊரையே பேச வாருங்கள் என்று அழைக்கிறாய். என்னைப் படிவம் சரிபார்க்க அழைத்தாய்.

சரிபார்த்துவிட்டேன். வேலை செய்கிறது. போனில் மட்டும் அனுப்பும் பொத்தான் பாதி மறைகிறது.

அழுத்தக்காரி

மார்ச் 24

அடி அழுத்தக்காரி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் பேச வா என்று கேட்டேன். மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நீதான் சொன்னாய். அதனால் இந்த வருடம் கேட்காமல் விட்டேன். தப்புதான்.

இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறோம், இப்போதாவது அனுப்பேன். பொத்தானைச் சரிசெய்தாயிற்று.

வாயாடி

ஏப்ரல் 9

வாயாடி,

உங்கள் பேச்சு தேர்வாகியிருக்கிறது என்று இன்று காலை எனக்கு ஒரு தானியங்கிக் கடிதம். நான் எந்தப் பேச்சை அனுப்பினேன் என்று தலையைச் சொறிந்தேன். திறந்து பார்த்தால் அந்தச் சோதனை விண்ணப்பம். அழித்துவிடுகிறேன் என்றாயே!

அன்று போஸ்டரைப் பார்த்த கையோடு அடித்தது அது. ‘ஒருத்தி எழுதினாள், இன்னொருத்தி பேசினாள்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே இரண்டு பக்கம் கொட்டியிருக்கிறேன். எழுதிய கைகள் ஏன் மேடைக்கு வருவதில்லை, வாய் உள்ள பிள்ளை எப்படிப் பிழைத்துக்கொள்கிறது, எல்லாம். பொறாமைதான், வேறென்ன? வயிறு எரிந்தது, எழுதினேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் எழுதினேன்.

நீ படித்தாயா? தயவுசெய்து அதை எடுத்துவிடு.

அழுத்தக்காரி

ஏப்ரல் 11

அழுத்தக்காரிக்கு,

படித்தேன். அழிக்க மறந்தது நிஜமாகவே மறதி. பெயர் மறைந்திருந்தது, ஆனால் இரண்டாவது வரியிலேயே உன் குரல் கேட்டுவிட்டது.

தெரிந்தவர் எழுதியது என்றால் மதிப்பெண் போடாமல் விலகவேண்டும் என்பது விதி. நான் விலகவில்லை. பூஜ்யம் போட்டேன். மற்ற நான்கு பேரும் முழு மதிப்பெண் போட்டார்கள். அவர்களில் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்கி மென்பொருள்காரர், “இந்தப் பேசுனவ யாருன்னு தெரிஞ்சா நாக்கப் புடுங்குற மாதிரி நாலு வார்த்தை கேக்கணுங்க” என்றார். நான் தலையாட்டினேன்.

உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைக்காதே. நம் மென்பொருளின் வரலாற்றைத் திறந்தால் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று இருக்கிறது. ஆறு வருடமாக அதில் என் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. மேடையில் எவனாவது உள்விவரம் கேட்டுவிடுவானோ என்று ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வருகிறது. நீ யாருக்கும் பயப்படவேண்டியதில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை.

நேற்று குழுவிடம் பூஜ்யத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். விலகச் சொன்னார்கள், விலகிவிட்டேன். பேசினவள் யார் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. வாயாடி என்று பெயர் வைத்தவள் நீ, சிரித்துக்கொள். பேச்சைத் திரும்பப் பெறுவதானால் குழுவுக்கு ஒரு வரி எழுது. நான் அதைத் தொடமாட்டேன்.

வாயாடி

ஏப்ரல் 30

வாயாடிக்கு,

திரும்பப் பெறவில்லை. பேசப்போகிறேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறேன், நாக்கு ஒட்டத்தான் செய்கிறது.

பூஜ்யம் போட்டதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதை மறைக்காமல் எழுதினாய், அதனால்தான் இந்தப் பதில்.

ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை, யார் பெயரையும் சேர்க்கவில்லை. முடிந்ததும் கேள்வி நேரம். அந்த இன்னொருத்தி யார் என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். நான் சொல்லப்போவதில்லை. அரங்கில் நீ இருந்தால், எழுந்து நின்று நீயே சொல்.

அழுத்தக்காரி