கேட்டில் நீட்டிய கை

என் பிரியமான கீப்பர் அப்பா,

நடந்ததையெல்லாம் இதில் உண்மையாக எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்று எதையும் மாற்ற மாட்டேன், எதையும் விட்டுவிடவும் மாட்டேன். நேற்று இதே கேட்டில் நின்று ஒரு சின்னப் பெண்ணிடம் பொய் சொன்னேன். அதைச் சொல்லாமல் உனக்கு வேறு எதையும் எழுத முடியாது.

வீட்டில் உன்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். கடிதம் என்பதற்காக 'தாங்கள்' என்று மாற்றினால் வேறு யாருடைய அப்பாவுக்கோ எழுதுவதுபோல் இருக்கிறது. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

இப்போது நான் மைதானத்துக் கேட்டுக்குப் பக்கத்தில், நீ ஒரு நாளும் உட்காராத அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபைனல் முடிந்துவிட்டது. ஸ்ரீமுஷ்ணம் ஜெயித்துவிட்டது, நம்ம டீம் தோற்றுவிட்டது. அம்மா வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். வேலு மாமா லைட்டுக் கம்பத்தடியில் வயர் சுற்ற ஆள் தேடிக் கத்திக்கொண்டிருக்கிறார். கோல் போஸ்ட்டில் இப்போது ஒருத்தி நிற்கிறாள். அது யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

மீந்துபோன நோட்டீஸ்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் இருப்பதும் நான் எழுதியதுதான். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

நீ போன பிறகு வருகிற முதல் டோர்னமென்ட் இது. நடத்துவதா வேண்டாமா என்று வேலு மாமா அம்மாவிடம் வந்து கேட்டார். "நடத்துங்க. இல்லனா அவருக்குத்தான் வருத்தமா இருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்புறம் மாமா என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுல உங்கப்பா இல்ல. இனிமே எவன் சின்னப்புள்ள, எவன் பெரியவன்னு யாரு பாக்கறது? போன வருஷமே மீசை மொளைச்சவன்லாம் ஓசியில உள்ள பூந்துட்டான். ஒரு ரூல்ஸு வேணும். நீதான் கட்டுரைலாம் எழுதறியே, நீயே எழுதிக் குடு கண்ணு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் வேலை எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

உன் வேலையை நான் எப்படிப் பார்த்திருக்கிறேன்! செராமிக் கம்பெனி ஷிப்ட் முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் நேரே கேட்டுக்கு வருவாய். முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண் காய்ந்து வெடித்திருக்கும். கேட்டின் குறுக்கே ஒரு கையை நீட்டுவாய். அதன் கீழே குனியாமல் போகிற பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், அவ்வளவுதான் உன் சட்டம். போகிற தலையில் ஒரு தட்டு தட்டுவாய், முடியில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்புகிற பிள்ளைகள் தலையில் இருக்கிற அந்த வெள்ளையைக் காட்டிக்கொண்டு உள்ளே ஓடும். மேட்ச் ஆரம்பித்ததும் அதே கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு கோலுக்குப் போவாய்.

"கோலுலயும் எல்லாத்தயும் உள்ள வுடுவான், கேட்டுலயும் எல்லாரயும் உள்ள வுடுவான்" என்று வேலு மாமா உன்னைக் கிண்டல் செய்வார். நீ சிரிப்பாய். எனக்கு மட்டும் கோபம் வரும். என் அப்பா நல்ல கீப்பர் என்று நான் நம்பினேன். உண்மையாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, அதனால் எழுதுகிறேன்: நீ அவ்வளவு நல்ல கீப்பர் இல்லை அப்பா. இடது பக்கம் வருகிற பந்தெல்லாம் உள்ளேதான் போகும்.

அந்தக் கிண்டல் இனி யார் வாயிலும் வரக்கூடாது என்று நினைத்தேனோ என்னவோ, ரொம்ப யோசித்து எழுதினேன். 'பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட, பள்ளி அடையாள அட்டை வைத்திருக்கும் குழந்தைகளுக்கு அனுமதி முற்றிலும் இலவசம்.' முற்றிலும் என்ற சொல்லைச் சேர்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளையெல்லாம் மனதில் நிறுத்திப் பார்த்தேன். எல்லாருடைய கழுத்திலும் அட்டை இருந்தது. எனக்குத் தெரியாத பிள்ளைகளை எப்படி நினைத்துப் பார்ப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று செமி ஃபைனல். நான்தான் கேட்டில் இருந்தேன். அட்டையைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டேன். மீசைக்காரர்கள் யாரும் என்னைத் தாண்டவில்லை. வேலு மாமா தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

அப்போதுதான் ரோஜா வந்தாள். உனக்கு அவளைத் தெரியும். கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில், பொம்மை காயவைக்கிற குடும்பம். கம்மாபுரம் பக்கத்தில் அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு இங்கே வந்தவர்கள். இடுப்பில் எப்போதும் ஒரு தங்கச்சி இருக்கும், சின்னி. இப்போது சின்னி நடக்கிறாள், ஆனாலும் இடுப்பில்தான் இருந்தாள்.

"கார்டு எங்க?" என்று கேட்டேன்.

"இன்னா கார்டு?"

"ஸ்கூல் கார்டு."

"நாங்க செங்கல் சூளைக்குப் போயிட்டு முந்தாநேத்துதான் வந்தோம். ஸ்கூலுல இன்னும் சேக்கல" என்றாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கீப்பர் மாமா எங்கக்கா? அவரு கைய நீட்டுவாரு, நாங்க பூந்து போவோம்."

அவளுக்குத் தெரியவில்லை அப்பா. தை மாதத்தில் நீ போனபோது அவர்கள் ஊரிலேயே இல்லை.

வரிசையில் பின்னால் ஆட்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உனக்கு நெஞ்சு வலித்ததை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்ததை, அங்கே நின்று எப்படிச் சொல்வது? இதெல்லாம் நான் இப்போது சொல்லும் காரணம். அப்போது எனக்கு அழுகை வரக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

"இன்னைக்கு வரமாட்டாரு" என்றேன்.

"எப்ப வருவாரு?"

"தெரியாது."

"சரி, வர்ற வரைக்கும் இப்படி ஓரமா நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

நின்றாள் அப்பா. மேட்ச் முழுவதும் நின்றாள். பச்சைத் துணி கட்டிய வேலிக்கு வெளியே, கத்தல் கேட்கும்போதெல்லாம் "கோலாக்கா? யாரு போட்டாங்க?" என்று கேட்டாள். நானும் பதில் சொன்னேன். என்ன ஒரு நல்ல மனசு எனக்கு, ஸ்கோர் மட்டும் சொன்னேன். சேலம் போகிற ரயில் கடந்தபோது சின்னி ரயிலுக்குக் கை காட்டியது. மைதானத்தைவிட ரயில்தான் அதற்கு நன்றாகத் தெரிந்தது.

அவளை உள்ளே விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் எழுதிய வரியை நானே மீறக்கூடாது என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது ரோஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னைத் தேடினாள். பிறகு, "மாமா வந்தா நாங்க வந்தம்னு சொல்லுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லலியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "நீ எழுதனதுதான, நீயே கிழிச்சுப் போடு" என்றாள்.

காலையில் வேலு மாமாவிடம் போய், அந்த ரூல்ஸ் வேண்டாம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "ரூல்ஸே இல்லன்னா மறுபடி மீசைக்காரனுங்க வந்து நிப்பானுங்க. ஒண்ணு பண்ணு. உங்கப்பா கை எவ்வளவு உசரத்துல இருக்கும்னு சரியா சொல்லு. அங்க ஒரு கயிறு கட்டிடலாம். கார்டும் வேணாம், கீர்டும் வேணாம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. உன் கையையே கேட்டில் கட்டிவிடலாம் என்று தோன்றியது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போனேன். கீப்பர் கையை எங்கே நீட்டுவார், காட்டுங்கள் என்றேன்.

முதலில் ஒரு பெண் தன் தலைக்கு மேல் இவ்வளவுதான் என்று காட்டினாள். அளந்து எழுதிக்கொண்டேன். அடுத்தவன் அதைவிட ஒரு முழம் உயரத்தில் காட்டினான். "பொய் சொல்றான்க்கா, மாமா கை இங்கதான் இருந்துச்சு" என்று இன்னொருத்தி தன் தலைக்கு நேரே காட்டினாள். சண்டை வந்துவிட்டது. குமரேசன் என்று ஒருவன், வேலு மாமா சொல்கிற மீசைக்காரர்களில் அவனும் ஒருவன், என் தலைக்கும் மேலே கையைத் தூக்கி, "எனக்கு இங்க" என்றான்.

"உனக்கு மொட்டமாடியில வெச்சிருப்பாரு, போடா!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

"சத்தியமாடா. நான் முட்டிய மடக்கிகினு வந்தேன். 'நேரா நில்லுடா, முட்டி வலிக்கப் போவுது'ன்னு சொல்லிட்டு கைய மேல தூக்கிட்டாரு."

எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு என்னையே கேட்டுப் பார்த்தேன். போன வருஷம் நான் உன் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டேன். அப்போதும் நான் குனியவில்லை. நேராகத்தான் நடந்து போனேன். என் தலையிலும் வெள்ளை இருந்தது.

அப்பா, உன் கைக்கு உயரமே கிடையாதா? பக்கத்தில் வருகிற தலையைப் பார்த்துத்தான் தூக்கினாயா? இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்த எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன். கயிறு கட்ட முடியாது என்று மாமாவிடம் சொன்னேன். "அப்போ யாரு பாக்கறது?" என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, பாரு. மீசைக்காரன் வந்தா என்னைக் கூப்புடு" என்றார்.

மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். ரோஜா வெயிலில் பிள்ளையார் பொம்மைகளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மாமா வந்துட்டாரா?" என்று எழுந்தாள்.

சொன்னேன். நீ செத்துப்போய்விட்டாய் என்று, அந்தச் சொல்லையே சொன்னேன். இத்தனை மாதத்தில் நான் அந்தச் சொல்லை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நேற்றே தெரியும், பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கையில் இருந்த பொம்மையைக் கீழே வைத்தாள். அது விழுந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அப்போ கேட்டுல யாரு?"

"நான்தான்."

"நீ வுட மாட்டியே" என்றாள்.

அப்பா, நீ எத்தனையோ கோல் வாங்கியிருக்கிறாய். அப்போதெல்லாம் உனக்கு இப்படித்தான் இருந்ததா?

"இன்னைக்கு வுடுவேன், வா" என்றேன். மேகம் ஏறுகிறது, மழைக்கு முன்னால் பொம்மைகளை உள்ளே எடுத்து வைக்காமல் தன் அம்மா அனுப்ப மாட்டாள் என்றாள். நானும் கொஞ்சம் எடுத்து வைத்தேன். ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையை உடைத்துவிட்டேன். "நீ போக்கா, நாங்க வரோம்" என்று அவள் அம்மாவே என்னை அனுப்பி வைத்தார்கள்.

மாலையில் கேட்டில் கையை நீட்டி நின்றேன். என் கை உன் கை மாதிரி இல்லை, சீக்கிரம் வலிக்கிறது. பிள்ளைகள் வந்தார்கள். கார்டு கேட்கவில்லை. ஒவ்வொரு தலைக்கும் கொஞ்சம் தூக்கினேன். "ஏய் கீப்பரு பொண்ணு கேட்டுல நிக்கிதுடா" என்று யாரோ கத்தினார்கள். குமரேசன் வந்தான். அவனுக்குக் கையைத் தூக்க நான் நுனிக்காலில் நிற்கவேண்டியிருந்தது. அவன் என்னைப் பார்த்தான், பாக்கெட்டில் கையை விட்டான், டிக்கெட் வாங்கிக்கொண்டு போனான்.

ரோஜா மட்டும் வரவில்லை. விசில் ஊதினார்கள். முதல் பாதி முடிந்தது. ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் கோல் போட்டார்கள். நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவையே பார்த்தேன். நேற்று அவள் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது. முழுதும் தெரியவில்லை. என்னை யாரும் வெளியே நிறுத்தவில்லையே.

ஜெயித்தவர்களுக்குத் துண்டு போர்த்திக்கொண்டிருந்தபோது அவள் ஓடி வந்தாள். சின்னி இடுப்பில் குலுங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் கையிலும் வெள்ளைக் களிமண்.

"மேட்ச்சு?" என்றாள், மூச்சு வாங்க.

"முடிஞ்சிடுச்சு ரோஜா."

அவள் சின்னியைக் கீழே இறக்கி விட்டாள். கூட்டமெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது, கேட்டு அகலமாகத் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனாலும் அவள் நின்றாள். எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு கையை நீட்டினேன். அவள் நேராக நடந்து போனாள். சின்னி போகும்போது எம்பி என் கையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது. என் மணிக்கட்டில் வெள்ளை ஒட்டியிருக்கிறது. இதை எழுதும்போதும் அது உதிர்கிறது.

இப்போது கோல் போஸ்ட்டில் நிற்பவள் ரோஜாதான். சின்னி ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை உருட்டி விடுகிறது. ரோஜா விழுந்து விழுந்து பிடிக்கிறாள். இடது பக்கம் வருவதைக்கூடப் பிடிக்கிறாள்.

"ஏம்மா கயலு, லைட்டு வாடகைக்காரன் நிக்கிறான். அந்தப் புள்ளைங்கள வெளிய வரச் சொல்லு" என்கிறார் வேலு மாமா.

"கொஞ்ச நேரம் மாமா" என்றேன். "அப்படியே அப்பன்தான்" என்று முனகிக்கொண்டு வயரைச் சுற்றப் போய்விட்டார்.

நேற்று அவள் பார்க்காத மேட்சையும், இன்று பார்க்காத மேட்சையும் என்னால் திருப்பித் தர முடியாது. உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு ரோஜாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவள் அம்மாவோடு நானும் போகிறேன். அது கார்டுக்காக இல்லை. அடுத்த வருஷம் கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கேட்டில் என் கை இருக்கும், வருகிற தலையைப் பார்த்துத் தூக்குவேன். இந்தக் கடிதத்தை மடித்து வைக்கவும் போவதில்லை. என் நோட்டீஸைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் ஒட்டப் போகிறேன். எல்லாரும் படிக்கட்டும்.

இன்னும் எழுத இருக்கிறது. மாமா சுவிட்ச்சுப் பக்கம் போகிறார். ரோஜா "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கத்துகிறாள். சின்னி பாட்டிலை உருட்டிவிட்டது. பிடித்தாளா என்று தெரியவில்லை, விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உன் கைக்குக் கீழே வளர்ந்த மகள்,
கயல்விழி